அசையாத கையில் ஓடிய கடிகாரம்

"எழுபத்தி ஒண்ணு... எழுபத்தி ரெண்டு..."

உள்ளறையிலிருந்து எண்ணிக்கை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் இரும்புக் கட்டில் ஒரு முறை முனகியது. முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று காலை நிறுத்தினாள். எழுபத்தி மூன்று வரவில்லை.

வலது கையால் இடது கையைத் தூக்கித் தூக்கி இறக்குவது அவள் கணவரின் பயிற்சி. காலையில் நூறு, சாயங்காலம் நூறு. பக்கவாதம் வந்து விழுந்து பத்து மாதம்; பயிற்சி தொடங்கிய பிறகு ஒரு நாளும் அவர் நூறு முடிக்காமல் விட்டதில்லை.

"இந்தா, இங்க வா."

நோய் நாக்கையும் கொஞ்சம் இழுத்துவிட்டிருந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக, படி இறங்கும் கிழவனைப் போல மெதுவாகத்தான் வரும். அவள் மடியில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

அவர் இடது கையை மடியில் கிடத்தி, அதில் கட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு உட்புறம் மெல்லிய பனி படிந்திருந்தது. முட்கள் அதற்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தன.

"உள்ள தண்ணி போயிருக்கு. எப்படிப் போகும்?"

எப்படிப் போனது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்தப் பெண்ணின் கதையைச் சொல்ல முடியாது. அவள் கணவர் ஒரே முதலாளியிடம் இருபத்தொன்பது வருடம் கார் ஓட்டியவர். முதலாளிக்குக் கப்பல் சரக்கு வியாபாரம். அவர் கையில் கட்டியிருந்த வெளிநாட்டுக் கடிகாரம், விலையைக் கேட்டால் இவர்களைப் போன்றவர்கள் தலை சுற்றி உட்கார்ந்துவிடும் ரகம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அதை சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போய், கூடவே காத்திருந்து, திரும்ப வாங்கி வருவது டிரைவரின் வேலை. கடைசிக் காலத்தில் முதலாளி அதைக் கழற்றி டிரைவரின் உள்ளங்கையில் வைத்து, என் பிள்ளை இதை வித்துடுவான், நீ பாத்துக்குவே என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம். இந்த 'ராம்' எல்லாம் டிரைவர் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம்.

பார்த்துக்கொண்டார் என்றால் எப்படி. வாரம் ஒரு நாள், தண்ணீர் புகாதபடி பக்கத்துத் திருகை அழுத்தி முடுக்கிவிட்டு, பழைய மெத்தென்ற பிரஷ்ஷால் சோப்பு நீர் தொட்டு அதன் எஃகுச் செயினைக் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பார். வெள்ளைப் பருத்தித் துணியால் துடைப்பார். அந்தத் துணியில் வேறு எதையும் யாரும் துடைத்துவிடக் கூடாது. டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தால் காந்தம் ஏறும் என்பார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தேதியை மாற்றினால் உள்ளே சக்கரத்தின் பல் உடையும் என்பார். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'டயம் சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் அந்தக் கடிகாரத்துக்குத் தானே ஒரு பெயர் வைத்திருந்தாள்: சக்களத்தி. "உங்க இளையவளுக்கு இன்னைக்கு எண்ணெய்க் குளியல் இல்லையா?" என்று மெஷினை மிதித்தபடியே கேட்பாள். "முப்பது வருஷமா என் முதுகை ஒரு நாள் தேய்ச்சு விட்டிருப்பீங்களா?" அவரும் விடமாட்டார். "நீ இவ மாதிரி டயத்துக்கு நடந்தா தேய்ச்சு விடறேன்" என்பார். இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீடுதான் அது.

அந்தக் கடிகாரத்துக்கு ஒரு குணம் உண்டு. பேட்டரி கிடையாது. உள்ளே ஓர் அரைவட்டத் தகடு இருக்கிறது. கட்டியிருப்பவர் கை அசைய அசைய அது சுற்றி, சுருளை முறுக்கிக்கொள்ளும். கை ஓய்ந்துவிட்டால் ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். அப்புறம் நின்றுவிடும்.

நின்றும் விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம் அது. முதல் வேலையாகக் கடிகாரத்தை ஆட்டி ஓடவிட்டுக் கட்டிவிடச் சொன்னார். வழக்கமான இடது கையில்தான். வலது கையில் கட்டுகிறேன் என்று அவள் சொன்னதற்குப் பார்வையாலேயே சுட்டார். மறுநாள் சாயங்காலம் பார்த்தபோது நாலு பத்துக்கு முள் நின்றிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் கடைவாயில் வழியவிட்டார். மாத்திரையைத் துப்பினார். அவள் அழுதாள், கெஞ்சினாள், திட்டியும் பார்த்தாள். கல்லைப் பிடித்து உலுக்கியது போலத்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் அசந்து தூங்கியபோதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. பக்கத்துத் திருகைச் சுற்றிச் சாவி கொடுத்தாலும் அது ஓடும் என்று அவள் பார்த்திருக்கிறாள். கட்டிலருகே மண்டியிட்டாள். கழற்றினால் விழித்துவிடுவாரோ என்று பயந்து, கையில் கட்டியபடியே திருகைத் தளர்த்தி முப்பது சுற்று கொடுத்தாள். முள் நகர்ந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைத் திருத்தினாள். திருகை அழுத்தி முடுக்கினாள். அவருக்குத் தெரியவே இல்லை. அந்தக் கைக்குத் தொடு உணர்ச்சி இல்லாமல் போனது அவளுக்கு வசதியாக இருந்தது. அப்படி ஒரு வசதி தனக்குக் கிடைத்ததை நினைத்து, அடுப்படியில் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

விழித்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அப்புறம், "பசிக்குது" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அவள் எட்டு மாதம் பொய் சொன்னாள்.

தினம் மத்தியானம், மாத்திரை போட்டு அவர் கண் அயர்ந்த பிறகு முப்பது சுற்று. ஒரு நாள் விட்டாலும் என்ன ஆகுமோ என்று பயம். அவரோ அதற்குத் தாமாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். பயிற்சியில் ஏறும் முறுக்கு இத்தனை நேரத்துக்குப் பற்றாது என்று அவருக்குக் கணக்குத் தெரியும். ஆகவே தூக்கத்தில் கை தானாக அசைகிறது. விழித்திருக்கும்போது பிடித்துவைக்கும் ஏதோ ஒன்று தூங்கும்போது விட்டுவிடுகிறது. வந்தவர் போனவரிடம் எல்லாம் இதையே சொன்னார். உயிர் இருக்கு, இதோ இவளே சாட்சி என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்.

பயிற்சி சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு முறை வரும் பெண், கால் நன்றாகத் தேறுகிறது என்றாள். அது உண்மை. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை போய்க் கீழே இருக்கும் பேருந்து நிலையத்தைப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் படிக்கட்டில் இறங்கும்போது அந்தப் பெண் தையல்காரியின் தோளைத் தொட்டு, கையை எதிர்பார்க்காதீங்கம்மா, இத்தனை மாசத்துக்கு அப்புறம் வர்றது ரொம்ப அபூர்வம், அவருக்கும் மெதுவாச் சொல்லிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். மெதுவாகச் சொல்வது எப்படி என்று அந்தப் பெண் சொல்லித்தரவில்லை.

போன மாதம் அவர் டிரைவிங் லைசன்ஸ் புதுப்பிக்கும் படிவத்தை வாங்கி வரச் சொன்னார். அவள் வாங்கி வந்தாள். வேறு என்ன செய்வாள்.

எல்லாவற்றிலும் கொடுமை, மத்தியானக் காவல். நான் தூங்கறப்போ கையைப் பாத்துக்கிட்டே இரு, எந்த விரல் முதல்ல அசையுதுன்னு சொல்லு என்று ஒரு நாள் கட்டளை போட்டார். முதல் நாள் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம், இமைக்காமல். அந்த ஐந்து விரல்களும் வெயிலில் வைத்த வெள்ளரிப் பிஞ்சு போலச் சுருண்டு கிடந்தன. விழித்ததும் அவர் கண்ணாலேயே கேட்டார். "சுண்டு விரலுங்க" என்றாள் வாய் கூசாமல். அவர் சிரித்தார். கோணல் வாய்ச் சிரிப்பு. கல்யாணமான புதிதில்கூட அவர் அவளைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

சரி, தண்ணீர் போன கதைக்கு வருவோம். நேற்று மத்தியானம் முப்பது சுற்று கொடுத்து முடித்த நொடியில் வாசல் மணி அடித்தது. பள்ளிச் சீருடை எடுக்கக் கடை ஆள் வந்திருந்தான். இரண்டாவது மணிக்கு அவர் விழித்துவிடக் கூடாதே என்று ஓடினாள். சட்டை எண்ணிக் கொடுத்து, பட்டன் மாறிப்போனதற்குச் சண்டை போட்டு, திருகை மறந்தே போனாள். சாயங்காலம் வழக்கம்போல வெந்நீரில் துணி நனைத்து அவர் உடம்பைத் துடைத்தாள். கடிகாரத்தைக் கழற்ற அவர் விடமாட்டார், தண்ணீருக்கு அசையாத வாட்ச் என்பார். துடைத்து முடித்த பிறகுதான் திருகு வெளியே துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டாள். அவர் பார்ப்பதற்குள் அழுத்தி முடுக்கிவிட்டாள்.

இப்போது, "எங்கயாவது இடிச்சிருக்கும்ங்க" என்றாள். "குடுங்க, கடையில காட்டிட்டு வந்துடறேன்."

அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். கடிகாரம் தம் கண் முன்னால்தான் திறக்கப்பட வேண்டும். சர்வீஸ்காரரை வரச் சொல்லு என்றார்.

சர்வீஸ்காரர் அன்று மத்தியானமே வந்துவிட்டார். இருபது வருடமாக அந்தக் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டுகிறவர், டிரைவரை அண்ணே என்றும் இவளை அண்ணி என்றும் கூப்பிடுகிறவர். நல்ல மனிதர். வாய்தான் கொஞ்சம் நீளம். மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு நேரே உள்ளறைக்குப் போய், "என்ன அண்ணே, கட்டில்ல ராஜா மாதிரி சாஞ்சிருக்கீங்க. கார் ஓட்டறப்போகூட இவ்வளவு வசதியா உக்காந்தது இல்லையே" என்றார். அவர் கோணல் வாயால் சிரித்தார்.

அவள் டீ போட்டாள். பயம் இருந்தது. ஆனால் எங்கேயோ இடித்திருக்கும் என்ற பொய் கைவசம் இருந்தது. இரும்பும் எஃகும் வாய் திறந்து பேசும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

சர்வீஸ்காரர் கடிகாரத்தைக் கழற்றி, கட்டிலோரம் ஒரு துணி விரித்து அதன் மேல் வைத்தார். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகினார். திருகைத் தளர்த்தினார், அழுத்தினார், முடுக்கினார். மறுபடி தளர்த்தினார். நெற்றி சுருங்கியது.

"என்ன அண்ணே இது, திருகோட மரை பிடிக்கவே இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி சர்வீஸ்ல நானே புதுசு போட்டேன். இருபது வருஷம் ஆன மாதிரி தேஞ்சு கிடக்கு."

"அவ்வளவு சீக்கிரம் எப்படித் தேயும்?" என்றார் டிரைவர்.

"தினம் சாவி குடுத்தாத் தேயும். இது தானா ஓடற வாட்சு, இதுக்கு எதுக்குத் தினம் சாவி? உங்களுக்குத் தெரியாததா அண்ணே." அவர் கண்ணாடியை எடுக்காமல், தொழில் பேசும் உற்சாகத்தில் திருகை வெளிச்சத்துக்குக் காட்டினார். "அதுவும் பாருங்க, ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு. கையில கட்டியிருக்கும்போதே எதிர்ல உக்காந்து யாரோ கோணலாத் திருகியிருக்காங்க. கழட்டாம சாவி குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே எங்க கடைப் பையனுக்கே பாடம் நடத்துவீங்க. இது யாரு..."

டீத் தம்ளர் தட்டில் நடுங்கிய சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வாய் அப்படியே நின்றது.

"இல்ல, சில நேரம் எஃகு சரியில்லைன்னா தானாவும் தேயும்" என்று முனகினார்.

"தானாத் தேயாது" என்றார் டிரைவர்.

கீழே பேருந்து நிலையத்தில் யாரோ ஒரு வண்டியை வெகு நேரம் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் அவளைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த இடது கையைத்தான் பார்த்தார். மணிக்கட்டைச் சுற்றி, வெயில் படாத ஒரு வெளுத்த பட்டை.

"எத்தனை நாளா?"

"வீட்டுக்கு வந்த முதல் வாரத்துல இருந்து. நீங்க சாப்பிடலைங்க. ரெண்டு நாளா ஒரு வாய்த் தண்ணிகூட..."

"தூக்கத்துல?"

அவள் அந்த இடது கையைப் பார்த்தாள்.

"தூக்கத்துல அசையுதா, அசையலையா?"

"அசையலைங்க."

"பாத்தேன்னு சொன்னியே. சுண்டு விரல்னு சொன்னியே."

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கண்ணை எடுக்காமப் பாத்தேன்." அவள் தட்டைக் கீழே வைத்தாள், வைக்கும்போது டீ சிந்தியது. "ஒரு நாள் இல்லைன்னா ஒரு நாள் நிஜமாவே அசைஞ்சிடும், அப்போ நான் சொன்னது பொய்யா இருக்காதுன்னு நினைச்சேன். அசையவே இல்லைங்க."

சர்வீஸ்காரர் தம் சாமான்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாத நிலை. கடைசியில் ஏதாவது பேச வேண்டுமே என்று, மரையும் ரப்பர் வளையமும் மாற்றி, உள்ளே ஈரத்தை எடுத்து, இரண்டு வாரத்தில் புதுசு போலக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

"எடுத்துட்டுப் போ தம்பி. அவசரமில்ல" என்றார் டிரைவர்.

முன்பெல்லாம் சர்வீஸுக்குக் கொடுத்தால் மூன்றாம் நாளே போய்க் கடை வாசலில் நிற்கிற ஆள். அவசரமில்லை என்று அவர் சொன்னது அவள் மார்பில் கத்தியாக இறங்கியது. அவர் அழுதிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கையில் கிடைத்ததை எடுத்து அவள் மேல் எறிந்திருந்தால் இன்னும் நன்றாகத் தாங்கியிருப்பாள்.

சர்வீஸ்காரர் கடிகாரத்தைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைக்கப் போனார்.

"இரு. செயின்ல கண்ணி எடுத்துரு."

"எத்தனை அண்ணே? கை இளைச்சிருக்கு, ரெண்டு எடுத்தா..."

"எனக்கு இல்ல." அவர் வலது கையைத் தூக்கி அவளைக் காட்டினார். "இவளுக்கு."

"எனக்கு வேண்டாங்க." அவள் கட்டிலருகே மண்டியிட்டு அவருடைய நல்ல கையைப் பற்றிக்கொண்டாள். "சத்தியமா வேண்டாங்க. நான் பண்ணினது தப்பு. நீங்களே கட்டிக்குங்க. இனிமே தொடமாட்டேன். நின்னா நிக்கட்டும்."

"நிக்கக் கூடாது." ஒவ்வொரு சொல்லாக, மூச்சு பிடித்துச் சொன்னார். "முதலாளி பாத்துக்கச் சொன்னாரு. நாள் பூரா மெஷின்ல ஓடற கை உன் கை. சாவி வேண்டாம். மரையும் தேயாது."

அவ்வளவுதான். கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். கோபமா, மன்னிப்பா என்று அந்த முகத்திலிருந்து அவளால் பிரித்தெடுக்க முடியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும், கை வராது என்று அவர் இன்று ஒப்புக்கொண்டுவிட்டார். அதை அவர் வாயால் கேட்காமல் இருக்கத்தான் எட்டு மாதம் அவள் அந்தக் கட்டிலருகே மண்டியிட்டாள்.

சர்வீஸ்காரர் தர்மசங்கடத்துடன் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "அளவு வேணும் அண்ணி."

ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் தோளும் இடுப்பும் அளந்தவள், கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். வளையலை மேலே தள்ளிவிட்டு, தன் இடது மணிக்கட்டைத் தானே சுற்றிப் பிடித்தாள். கண்ணில் நீர் திரையிட்டிருந்ததால் எண் தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஆறே கால் இஞ்ச்" என்றாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா, தூங்குவது போல இருக்கிறாரா என்று தெரியவில்லை. முதல் முறையாக, கையைப் பார்த்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை.

வாசல் வரை அவள் கூட வந்தாள். சர்வீஸ்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"அண்ணி, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

"உங்க தொழிலை நீங்க சொன்னீங்க தம்பி. பாத்து இறங்குங்க, ரெண்டாவது மாடியில லைட் இல்ல."

அவர் இறங்கினார். காலடிச் சத்தம் ஒவ்வொரு மாடியாகக் கீழே போய், தெருச் சத்தத்தில் கரையும் வரை அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்காதபடி, கதவை மெதுவாகச் சாத்தினாள்.